ஈ கொல்லியும் ஈ.கோலியும்

அக்காவிடம் இரண்டு பிறஷர் குக்கர்கள் இருந்தன. ஒன்றில் ‘சோறு’ என்றும் மற்றதில் ‘சோறு இல்லை’ என்றும் வெள்ளைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருந்தார்.

இரண்டாவதுதான் எங்கள் கிருமிநீக்கி. வவுனியாவில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீட்டின் குசினியே எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வுகூடம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. போரில் மூடிக் கிடந்த பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து கதிரைகள் வந்தன, அலுமாரி வந்தது, கடிதத் தலைப்புக்கூட அச்சடித்து வந்தது. உபகரணங்கள் மட்டும் ‘அடுத்த லொறியில்’ வருவதாகவே இருந்தன. நான் பட்டம் முடித்த கையோடு செய்முறை வகுப்புகளுக்கு உதவி விரிவுரையாளராக அங்கே சேர்ந்தேன். அக்கா தற்காலிக நியமனத்தில் இருந்த ஆய்வுகூட உத்தியோகத்தர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரிவுத் தலைவர் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

சேர்ந்த முதல் நாளே அக்காவிடம் போய், “வடிதாள் இல்லை அக்கா” என்றேன்.

“இல்லாததைச் சொல்லாதேயும். இருக்கிறதைச் சொல்லும்” என்றார். ஐந்து நிமிடத்தில் தேத்தண்ணி வடிக்கும் துணி நான்கு மடிப்பாக என் முன்னால் வந்தது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் வட்டக்கச்சியில் வாழ்ந்தவர் அக்கா. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியதையும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டதையும் உலக வழமை என்றே நினைத்திருந்தவர். எதற்குப் பதிலாகவும் எதையும் பாவிப்பார். ஆனால் ஒரு விடயத்தில் கண்டிப்பு: போத்தலில் உண்மை எழுதியிருக்க வேண்டும். ‘ஏகாருக்குப் பதில்: நோன்புக் கஞ்சிக் கடைக் கடற்பாசி.’ ‘ஈஸ்ட் சாற்றுக்குப் பதில்: பாணுக்குப் பூசும் கறுப்புக் களி.’ அப்படி எழுதாத போத்தலை, உள்ளே தண்ணீரே இருந்தாலும், கொட்டிவிடுவார்.

பற்றீரியா வளர்ப்பதற்கு அவர் காய்ச்சிய சாறு ஒரு காலத்தில் நாளுக்கு நாள் குறையத் தொடங்கியது. ஆவியாகிறதோ என்று மூடியை இறுக்கினார். பிறகும் குறைந்தது. ஒருநாள் காலை நாங்கள் குசினிக்குள் நுழைந்தபோது பிரிவுத் தலைவர் கோப்பையோடு நின்றார்.

“அக்கா, இந்த சூப் அருமை. பருப்புத் தண்ணியோ?” என்று கேட்டார்.

“பருப்பும் இருக்குது சேர். ஆனா அது பற்றீரியாவின்ரை சாப்பாடு.”

தலைவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். “பற்றீரியா உள்ளுக்கை இருக்குதோ?”

“இன்னும் போடேல்லை.”

“அப்ப சரி” என்று மிச்சத்தையும் குடித்தார். அடுத்த வாரத்திலிருந்து அக்கா இரண்டு போத்தல் காய்ச்சினார். ஒன்றில் ‘பற்றீரியா’ என்றும் மற்றதில் ‘தலைவர்’ என்றும் எழுதியிருந்தது.

இப்படி எதற்கும் பதில் கண்டுபிடிக்கும் மனுசி, ஒரேயொரு இடத்தில் பதிலை ஏற்காமல் விட்டதும் எனக்குத் தெரியும். அக்காவின் அம்மா அவருக்குச் சுவிசில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையால் வர முடியவில்லை. அதனால் அவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார்கள். மரியாதைக்காக ஒரு மல்லிகை மாலையும் போட்டிருந்தார்கள். சேலை கட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்த அக்கா படத்தைப் பார்த்தார்.

“ஐயோ, இவர் எப்ப செத்தவர்?” என்று கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் மாமா எழுந்து, பிள்ளை உயிரோடுதான் இருக்கிறார், விசாப் பிரச்சினை, அவருக்குப் பதிலாகத்தான் படம் என்று விளக்கினார். அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய படம் ஒன்றை எடுத்துவந்து பக்கத்துக் கதிரையில் சாய்த்து வைத்தார்.

“அப்ப எனக்குப் பதில் இது. அடையாள அட்டையிலை இதைவிட நல்ல படம் இருக்குது. ஆனா அதை வைக்கேலாது, ரோட்டிலை ஆமிக்காரர் கேப்பினம்.”

பன்னிரண்டு மணிக்கு ஆய்வுகூடத்துக்கு வந்து எங்களுக்கு லட்டு பங்கிட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன். “ரெண்டு படமும் நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருக்குதுகள். ஏன் குழப்புவான் எண்டு வந்திட்டன்” என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அம்மா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

எங்களைக் கதிகலங்க வைத்த கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. உயிர்த்தொழில்நுட்பச் செய்முறைப் பாடத்தை நடத்த எங்களிடம் வசதி உண்டா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். வசதி இல்லாவிட்டால் பாடம் நிறுத்தப்படும். பாடம் நின்றால் அக்காவின் தற்காலிக நியமனம் முடியும். என்னுடையதும்தான்.

தலைவர் வெளிநாட்டில் இருந்த தன் பழைய வகுப்புத் தோழி ஒருவருக்கு, செய்துகாட்ட ஏதாவது அனுப்பச் சொல்லி அவசரமாக எழுதினார். மூன்று வாரத்தில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே ஒரு துண்டு வடிதாள். அதன் நடுவில் பென்சிலால் ஒரு வட்டம். ‘வட்டத்தை வெட்டி நீரில் ஊறவிடவும். பிளாஸ்மிட் அதற்குள் இருக்கிறது. சீனி தனியாக வருகிறது’ என்று எழுதியிருந்தது.

பிளாஸ்மிட் என்பது பற்றீரியாவுக்குள் தனியாகத் திரியும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையம். இந்த வளையத்தில், கடலில் ஒளிரும் ஒரு சொறிமுட்டையிடமிருந்து, அதாவது ஜெலிமீனிடமிருந்து, எடுத்த மரபணு இருந்தது. பற்றீரியா இதை உள்ளே எடுத்தால், புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைச் செய்யும். செய்யத் தொடங்குவதற்கு மட்டும் அதற்கு அரபினோஸ் என்ற சீனி வேண்டும்.

அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வெறும் கடுதாசி. இதுக்குள்ளை சொறிமுட்டை இருக்குதாம். முல்லைத்தீவிலை வலைக்குள்ளை வந்தா தூக்கி எறிவினம். இஞ்சை முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கினம்.”

வேலை தொடங்கியது. எங்களிடம் ஏற்கெனவே ஒருவருக்கும் தீங்கு செய்யாத ஈ.கோலி என்ற ஆய்வுகூடப் பற்றீரியா இருந்தது. அதை ஐஸில் குளிரவைத்து, சரியாக நாற்பத்திரண்டு பாகையில் ஒரு நிமிடத்துக்குள் சுட்டு, மறுபடி ஐஸில் வைத்தால் பிளாஸ்மிட் உள்ளே போகும். ஐஸ் மீன் லொறியிலிருந்து வந்தது. நாற்பத்திரண்டு பாகைக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றரைக் கொண்டுவந்தார். “இது நாப்பத்திரண்டோடை முடியுது. அதுக்கு மேலை ஆள் இருக்கமாட்டார் எண்டுதான் நிப்பாட்டியிருக்கிறாங்கள். எங்களுக்கு அந்த இடம் காணும்.”

பிளாஸ்மிட்டை எடுக்காத பற்றீரியாவைக் கொன்றுவிட அம்பிசிலின் மருந்து வேண்டும்; வளையம் உள்ளே இருப்பவை அதைத் தாங்கும். மருந்துக் கடைக்காரர், “ஆருக்கு வருத்தம்?” என்று கேட்டார்.

“பற்றீரியாவுக்கு” என்றார் அக்கா.

“பற்றீரியாவாலையோ?”

“இல்லை, பற்றீரியாவுக்குத்தான். சாகாமல் மிஞ்சிறதுதான் எங்களுக்கு வேணும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

மிஞ்சியவை வளர்ந்தன. ஆனால் சீனி வரவில்லை. பென்சில் வட்டம் போட்ட வெறும் தாள் எல்லாச் சோதனையையும் தாண்டி வந்துவிட்டது. பொலித்தீன் பையில் கட்டிய வெள்ளைத் தூள் எங்கேயோ நின்றுவிட்டது. அது எந்த மேசையில் யாரை மிரட்டிக்கொண்டிருந்ததோ தெரியாது. பேராசிரியர் வர ஆறு நாள் இருந்தது.

“அரபினோஸ் இல்லாட்டி ஒண்டும் நடக்காது அக்கா” என்று நான் கதிரையில் விழுந்தேன்.

“பேரிலையே அரபு இருக்குது. அது எங்கையிருந்து எடுக்கிறது?”

“அரபுப் பிசினிலையிருந்து.”

“அது என்ன மரம்?”

“ஒரு சாதி வேல மரம்.”

நான் நிமிர்ந்தபோது அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இல்லாத பக்கமாகப் பார்த்துக் குளக்கட்டில் ஏறி, வேல மரங்களில் வடிந்து காய்ந்த பிசினை ஒரு ஜாம் போத்தல் நிறையச் சுரண்டி வந்தார். பிசினுக்குள் இருக்கும் அரபினோஸை அமிலத்தில் காய்ச்சிப் பிரிக்கலாம் என்று என் பழைய பாடக்குறிப்பில் இருந்தது. அமிலத்துக்குப் பதில் பற்றரிக் கடைத் தண்ணி. பிறகு அந்த அமிலத்தை முறிக்க வெற்றிலைச் சுண்ணாம்பு. வடிக்கத் தேத்தண்ணித் துணி. கடைசியில் பழுப்பாக, பாகுபோல ஒரு பாணி வந்தது. அக்கா எழுதி ஒட்டினார்: ‘அரபினோசுக்குப் பதில்: வேலம்பிசின், பற்றரித் தண்ணி, சுண்ணாம்பு. குடிக்கக் கூடாது. தலைவரும் குடிக்கக் கூடாது.’

ஊதா விளக்குத்தான் மிச்சம். எங்களிடம் இருந்த ஒரேயொரு விளக்கு எரிந்து போயிருந்தது. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஈக்களைப் பிடிக்கும் ஒரு நீல விளக்குத் தொங்கியது. அக்கா அதைப் பலநாள் பார்த்து வைத்திருந்திருக்கிறார். கடை முதலாளி முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, புத்தளத்தில் பல வருடம் இருந்து, பாதை திறந்த பிறகு இங்கே வந்து கடை போட்டவர்.

“தங்கச்சி, இது சுகாதாரம் பாக்கிற பி.எச்.ஐ. நாலுதரம் வந்து சண்டை பிடிச்சதாலை போட்ட லைட். கழட்டித் தரேலாது” என்றார்.

“கழட்ட வேண்டாம். நாங்கள் ஈ.கோலியைக் கொண்டுவந்து கீழை பிடிச்சுப் பாக்கிறம்.”

“இதுதானே ஈ கொல்லி.”

“இது ஈ கொல்லி. நாங்கள் கொண்டுவாறது ஈ.கோலி.”

“அதுவும் ஈயைக் கொல்லுமோ?”

“இல்லை முதலாளி. அது பற்றீரியா.”

முதலாளியின் முகம் மாறியது. “கிருமியோ? சாப்பாட்டுக் கடைக்கோ?”

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். அவர் பொருட்படுத்தவில்லை. “கிருமிதான். ஆனா ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது. மூடி திறக்கமாட்டம். கண்ணாடிக்கு வெளியாலை நிண்டு பாக்கிறதுதான்.”

முதலாளி ஷட்டரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அந்த வெளிப்படைதான் அவரை மடக்கியிருக்க வேண்டும். “மூண்டு மணிக்கு ஆள் இருக்காது. அப்ப வாங்கோ. இருட்டு வேணுமெண்டால் ஷட்டரை அஞ்சு நிமிசம் இறக்கிறன்.”

பேராசிரியர் வரும் காலையில்தான் பற்றீரியா வளர்ந்த பெற்றிக் கிண்ணங்கள் தயாராயின. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஒளிருமா என்று ஒருவருக்கும் தெரியாது. பாடப் புத்தக வரிகளில் தீட்டும் மஞ்சள் பேனை ஒன்று என்னிடம் இருந்தது. அதன் மை ஊதா விளக்கில் பளிச்சென்று தெரியும்.

“அக்கா, ஒரு கிண்ணத்திலை இந்த மையைக் கீறி வைப்பமே? ஒண்டும் வராட்டிப் பதிலுக்கு…”

“அது பதில் இல்லை.”

“நாங்கள் எல்லாத்துக்கும் பதில் பாவிக்கிறம்தானே?”

“பிசின் அரபினோசின்ரை வேலையைச் செய்யுது. துணி வடிதாளின்ரை வேலையைச் செய்யுது. உம்மடை மை என்ன வேலை செய்யும்? ஆளை ஏமாத்துற வேலை.”

நான் தலையாட்டினேன். அவர் குக்கரைக் கழுவப் போன நேரம் ஒரு வெறும் கிண்ணத்தில் மையைக் கீறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

பேராசிரியர் மெலிந்த, தடித்த கண்ணாடி போட்ட மனிதர். எங்கள் குசினியைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு போத்தலையும் வாசித்தார். தலைவரின் சூப் போத்தலில் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் நின்றார். மூன்று மணிக்கு அக்கா கிண்ணங்களைச் சாப்பாட்டுக் கூடையில் அடுக்கினார். என்னுடையதை நான் ஓரத்தில் செருகினேன். நால்வருமாகக் கடைக்குப் போனோம்.

முதலாளி ஷட்டரை இழுத்து இறக்கினார். கடை இருண்டது.

அடுத்த கணம் பக்கத்துக் கடை ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பிறகு அதற்கு அடுத்தது. எதிர்ப்பக்கம் இரண்டு. அப்படியே தெரு நீளத்துக்கும் சத்தம் ஓடியது. யாரோ ஓடினார்கள். சைக்கிள் ஒன்று விழுந்தது. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“என்ன நடக்குது?” என்றார் பேராசிரியர்.

முதலாளி சுவரோடு ஒட்டி நின்றார். “தெரியாது சேர். எல்லாரும் பூட்டுறாங்கள். வெளியிலை ஏதோ நடந்திட்டுது. ஒருத்தரும் அசையாதேங்கோ.”

தலைவர் மேசைக்குக் கீழே போனார். நான் அவருக்குப் பக்கத்தில் போக நினைத்தேன், இடமில்லை. அக்கா மட்டும் நீல விளக்கைப் பார்த்தார். “எப்பிடியும் திறக்கப் போறதில்லை. பாத்து முடிப்பம்” என்று கூடையைத் திறந்தார்.

கைக்கு முதலில் வந்தது என்னுடைய கிண்ணம். விளக்கின் கீழ் அது கல்யாண வீட்டு அலங்காரம்போல எரிந்தது.

“அற்புதம்!” என்றார் பேராசிரியர்.

அக்கா கிண்ணத்தைத் திருப்பினார். அடியில் எழுத்து இல்லை. என்னைப் பார்த்தார். அந்த மங்கிய நீலத்திலும் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“சேர், இது பற்றீரியா இல்லை. பேனை மை.”

தன் வேலையும் என் வேலையும் போய்விடும் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார். ஒரு ஈ விளக்கில் பட்டுப் பொரிந்தது. “நான்தான் செய்தனான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொருதரம் சொன்னேன்.

அக்கா உண்மையான கிண்ணத்தைப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடத்தில் ஷட்டரைத் தூக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முதலாளி தூக்கவில்லை. இருட்டுக்குக் கண் மெல்லமெல்லப் பழகியது. முதலில் ஒரு புள்ளி. பிறகு மூன்று. பிறகு பதினொன்று. மிக மெல்லிய, இளம் பச்சை. பிசின் பாணி இடாத மற்றக் கிண்ணம் இருட்டாகவே இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, ரோல்ஸ் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். தலைவர் மேசைக்குக் கீழிருந்து தலையை நீட்டி, “வந்திட்டுதோ?” என்று கேட்டார். முதலாளிகூடப் பயத்தை மறந்து கிட்ட வந்தார்.

“அண்டைக்கு நீங்கள் சொன்ன சொறிமுட்டை இதுதானோ தங்கச்சி?”

“அதின்ரை பச்சை மட்டும்.”

அப்போது ஷட்டரில் யாரோ தட்டினார்கள். பக்கத்துத் தையல் கடைக்காரர் முதலாளியைக் கூப்பிடும் குரல்: “நானா! என்ன பிரச்சினை? ஏன் பூட்டினீங்கள்?”

“நீங்கள் பூட்டினதாலைதானே நான் திறக்கேல்லை!”

“நீங்கள் பூட்டினதைப் பாத்துத்தானே நாங்கள் பூட்டினனாங்கள்!”

முதலாளி ஷட்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பேராசிரியர் முழங்காலில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது.

பாடத்துக்கு அனுமதி வந்தது. ‘ஈ விளக்கை ஆய்வுகூட உபகரணமாகப் பதிய முடியாது’ என்ற குறிப்போடு ஒரு உண்மையான ஊதா விளக்கும் வந்தது. அக்காவுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அது நியாயம். அக்கா அதைப் பற்றி என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை, ஆனால் மூன்று மாதம் என் கிண்ணங்களையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். அந்தத் தெரு பிறகு எத்தனையோ தடவை உண்மையாகவே பூட்டப்பட்டது. அன்றைக்குப் பூட்டியதை நினைத்தால் மட்டுமே எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு வருடம் கழித்துக் கொழும்பில் வேலை கிடைத்து நான் புறப்பட்ட நாளில் அக்கா என்னை அந்தக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போனார். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ரோல்ஸையும் கட்லெட்டையும் ஈ விளக்கின் கீழ் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். பச்சை தெரிந்தால் கிருமி, தெரியாவிட்டால் சுத்தம் என்று ஊரில் கதை பரவியிருந்தது. முதலாளிக்கு வியாபாரம் இரட்டிப்பு.

நடுத்தர வயது மனிதர் ஒருவர் மீன் கட்லெட்டை விளக்கில் பிடித்து, “பச்சை இல்லை. சாப்பிடலாம்” என்று எங்களுக்கும் அறிவித்தார்.

அக்கா எழுந்து போனார். “அண்ணை, இதிலை தெரியாது. பிளாஸ்மிட் உள்ளுக்கை போனதுதான் பச்சையாத் தெரியும். சாதாரணக் கிருமி தெரியாது.”

“அப்ப இதிலை கிருமி இருக்குதெண்டுறியளோ?”

காசு மேசையிலிருந்து முதலாளி கத்தினார். “தங்கச்சி, தேத்தண்ணி ஆறுது! வந்து குடியுங்கோ!”

“இருக்கும்” என்றார் அக்கா.

அந்த மனிதர் கட்லெட்டைத் தட்டில் வைத்துவிட்டார். மற்ற மேசைகளிலும் கைகள் நின்றன. முதலாளி இரண்டு கையையும் தலையில் வைத்தார். அக்கா சுற்றிப் பார்த்தார். பிறகு அந்தக் கட்லெட்டை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“எனக்குள்ளையும் இருக்குது, உங்களுக்குள்ளையும் இருக்குது. சூட்டோடை சாப்பிடுங்கோ.”

அந்த மனிதர் சாப்பிடவில்லை. அக்காவை விளக்குக்குக் கிட்ட வரச் சொல்லி, அவர் முகம் பச்சையாகிறதா என்று முழுதாக ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மற்றப் பாதியை எடுத்துக்கொண்டார்.